வீரம் உண்ட சோறு

ஈரோட்டை அடுத்த ஒரு சிற்றூர். ஆடிப் பதினெட்டு. தீரன் சின்னமலையின் நினைவு விழா. பேச்சாளர்கள் வாள் சுழற்றினார்கள் — சொல்லால்! குதிரைகள் பாய்ந்தன, கோட்டைகள் தகர்ந்தன, கும்பினிப் படை சிதறி ஓடிற்று — எல்லாம் சொல்லிலே! கைதட்டல் வானைப் பிளந்தது. கூட்டம் கலைந்ததும், மேடையை விட்டு இறங்கிய என்னை ஒரு கல்லூரி இளைஞர் அணுகினார். கண்களிலே ஒளி, குரலிலே துடிப்பு.

"ஐயா, 300 பேர் நின்று பாரசீகப் பெரும்படையைத் தடுத்தார்களே, அந்த ஸ்பார்ட்டாவைப் போல நாமும் இருந்திருந்தால் வெள்ளையன் இங்கே கால் வைத்திருப்பானா? கட்டுப்பாடும் வீரமுமே உருவான அப்படிப்பட்ட ஆட்சியல்லவா நமக்கு வேண்டும்?" என்று கேட்டார்.

உணர்ச்சியிலே பிறந்த கேள்வி. உணர்ச்சி குற்றமன்று, அது இல்லாத இளமை எண்ணெய் இல்லாத விளக்கு. ஆனால் விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதும் அறிவுடைமை ஆகாதே! ஆகவே திருப்பிக் கேட்டேன்: "தம்பி, அந்த 300 பேருக்கும் சோறு போட்டவன் யார்?"

இளைஞர் திகைத்தார். பாடப்புத்தகத்தில் அச்சாகாத கேள்வி அது. திரைப்படம் காட்டாத காட்சி. அவருக்கு அன்று நின்றபடியே சொன்னதை இன்று விரித்து எழுதுகிறேன். ஏனெனில் அந்தக் கேள்வி ஸ்பார்ட்டாவோடு நிற்பதில்லை; கொங்கு நாட்டுக் கிணற்றடி வரையில் வருகிறது.

மதிலில்லா மாநகர்

கிரேக்க நாட்டின் தென்புறத்தே, யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் இருந்தது ஸ்பார்ட்டா. மற்ற நகரத்தார் மதில் எழுப்பி அதன் பின்னே உறங்கினர். ஸ்பார்ட்டா நெடுங்காலம் மதில் எழுப்பவில்லை. தன் ஆண்மக்களே தனக்கு மதில் என்று தருக்கி நின்றது.

ஆட்சிமுறையோ விந்தையானது. ஒரே காலத்தில் இரு மன்னர்கள், இரு குடும்பங்களிலிருந்து. 60 வயதைக் கடந்த முதியோர் 28 பேரும் இரு மன்னரும் கூடிய 30 பேர் அவை ஒன்று. ஆண்டுக்கொரு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட 5 அதிகாரிகள் — எஃபோர்கள் — மன்னனையே நிறுத்தி விசாரிக்கும் ஆற்றல் பெற்றவர்கள். இவற்றோடு குடிமக்கள் பேரவை. முதியோர் அவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கேளுங்கள்: எவருக்கு ஆரவாரக் கூச்சல் மிகுதியோ அவருக்கே வெற்றி! சிறுபிள்ளைத்தனம் என்றார் அரிஸ்டாட்டில். கூச்சலே வாக்கு என்பது பழங்கால நோய்தான். இந்தக் காலத்திலும் அது முழுதும் தீர்ந்துவிடவில்லை.

வாழ்க்கைமுறை அதனினும் விந்தை. பிறந்த குழந்தையை முதியோர் சோதித்தனர், நோஞ்சான் எனில் எறிந்துவிடச் செய்தனர் என்று எழுதினார் புளூட்டார்க். 7 வயதிலே சிறுவனைத் தாயின் மடியிலிருந்து பிரித்தார்கள். காலுக்குச் செருப்பில்லை, ஆண்டுக்கு ஒரே மேலாடை, ஆற்றங்கரை நாணலைத் தன் கையாலேயே ஒடித்துப் பரப்பிய படுக்கை, அரை வயிற்று உணவு. பசித்தால் திருடலாம், பிடிபட்டால் சவுக்கடி. திருடியதற்காக அல்ல, பிடிபட்டதற்காக! வளர்ந்தபின் பொது உணவுக்கூடம். 30 வயது வரையில் பாசறை வாழ்வு. 60 வரையில் படைப்பணி. வாணிகம் கூடாது, கைத்தொழில் கூடாது. போர் ஒன்றே தொழில். குடிமக்கள் தம்மை 'ஒத்தோர்' என்று அழைத்துக்கொண்டனர். ஒருவருக்கொருவர் நிகர் என்று பொருள்.

கேட்கும்போதே புல்லரிக்கிறது அல்லவா? எளிமை, கட்டுப்பாடு, சமத்துவம், அஞ்சாமை — இலட்சியத்தின் இலக்கணங்கள் அனைத்தும் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் உழாதவன், விதைக்காதவன், நெய்யாதவன், விற்காதவன் எப்படி உண்டான்? பொது உணவுக்கூடத்துக்கு ஒவ்வொருவனும் மாதந்தோறும் மாவும் மதுவும் பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் கொண்டுவந்து தரவேண்டும் என்பது விதி. தரத் தவறினால் குடியுரிமையே பறிபோகும். போரைத் தவிர வேறறியாதவன் அந்த மாவை எங்கிருந்து கொண்டுவந்தான்?

அங்கேதான் திரை விலகுகிறது.

உழுதவன் பெயர் ஹெலட்

லக்கோனியாவிலும், மலைக்கு அப்பால் ஸ்பார்ட்டா போரிட்டுப் பிடித்த மெசீனியாவிலும் இருந்த உழவர் பெருமக்களுக்கு 'ஹெலட்' என்று பெயர். நிலம் அவர்களால் விளைந்தது, நிலம் அவர்களுடையதன்று. மெசீனியர் விளைச்சலில் பாதியை எசமானனுக்குச் சுமந்து சென்றதைப் பழைய கிரேக்கப் பாட்டே சொல்கிறது. அவர்கள் நாயின் தோலால் ஆன தொப்பி அணியவேண்டும் என்றும், குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆண்டுதோறும் இத்தனை அடி வாங்கவேண்டும் என்றும் விதி இருந்ததாகப் பழைய ஆசிரியர் ஒருவர் எழுதினார். அடிமை என்பதை அடிமை மறந்துவிடக் கூடாதல்லவா! உணவுக்கூடத்துக்கு அவர்களை இழுத்துவந்து, மட்டுமீறிக் குடிக்கவைத்து, தள்ளாடும் கோலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் 'பாரீர், குடியின் இழிவை!' என்று பாடம் நடத்தினார்களாம். இழிவைச் செய்தவன் ஆசான். இழிவுக்கு ஆளானவன் பாடப்பொருள்.

இன்னும் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பதவி ஏற்றவுடன், எஃபோர்கள் தம் சொந்த உழவர்கள் மீதே முறைப்படி போர் அறிவித்தனர். ஏன்? போர்க்காலத்தில் பகைவனைக் கொல்வது பாவமன்று. ஆகவே அடிமையைக் கொன்றவன் கையிலே பழி ஒட்டாது. பாவத்தைக் கழுவச் சட்டமே தீர்த்தமாயிற்று! பொறுக்கி எடுத்த இளைஞர்கள் குத்துவாளோடு இரவில் திரிந்து, வலுவான ஹெலட்டுகளைக் கொன்றனர். நோஞ்சான் தப்பினான், நிமிர்ந்து நின்றவனே சாகடிக்கப்பட்டான்.

துசிடிடீஸ் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி நெஞ்சை விட்டு நீங்காது. பெலோப்பொனீசியப் போரின்போது ஸ்பார்ட்டா ஓர் அறிவிப்புச் செய்தது: போர்க்களத்தில் சிறந்த தொண்டாற்றியதாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வருக, விடுதலை தருவோம் என்று. வந்தார்கள். ஏறத்தாழ 2000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தலையிலே மாலை சூட்டிக்கொண்டு, கோயில் கோயிலாக வலம் வந்தார்கள் அந்த ஏழைகள், விடுதலை கிடைத்தது என்ற களிப்பிலே. பிறகு அவர்களை எவரும் காணவில்லை. எப்படி மாண்டார்கள் என்பதும் எவருக்கும் தெரியவில்லை. எவனுக்கு 'நான் வீரன்' என்று சொல்லும் துணிவு இருந்ததோ அவனே முதலில் கிளர்ந்தெழுவான் என்று கணக்கிட்டது ஸ்பார்ட்டா. ஒருவனிடம் இருந்தால் மாலைக்குரிய வீரம், மற்றவனிடம் இருந்தால் மரணத்துக்குரிய குற்றம்!

இப்போது சொல்லுங்கள், ஸ்பார்ட்டா அஞ்சாமையின் நாடா? ஸ்பார்ட்டாவின் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஹெலட்டுகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தவை என்று துசிடிடீசே எழுதினார். வீட்டில் மாட்டிய கேடயத்தின் கைப்பிடியைக் கழற்றி வைத்தானாம் ஸ்பார்ட்டன். அடிமை அதை எடுத்துத் தன்மீதே திருப்பிவிடக் கூடாதே என்ற கிலி! பாரசீகனுக்கு அஞ்சாதவன் தன் வீட்டுக் கொல்லையில் நின்றவனுக்கு அஞ்சினான். அந்தக் கட்டுப்பாடு அச்சத்தின் கட்டுப்பாடு, சிறைக்காவலனின் கட்டுப்பாடு. சிறையைக் காப்பவனும் சிறைக்குள்தானே வாழ்கிறான்?

முடிவும் அதற்கேற்பவே வந்தது. கி.மு. 371இல் லூக்ட்ரா களத்தில் தீபஸ் நகரத்துப் படை ஸ்பார்ட்டாவை முறியடித்தது. களத்தில் நின்ற ஸ்பார்ட்டக் குடிமக்கள் 700 பேர்; மாண்டவர் 400. அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் எப்பமினோண்டாஸ் மெசீனியாவை விடுவித்தார். பல நூற்றாண்டுகளாக மாவு சுமந்த தோள் நிமிர்ந்தது, மாவு நின்றது, ஸ்பார்ட்டா சரிந்தது. ஒரு காலத்தில் 10,000 பேர் இருந்ததாகச் சொல்லப்பட்ட குடிமக்கள் தொகை, அரிஸ்டாட்டில் காலத்தில் 1000ஐயும் எட்டவில்லை. உணவுக்கூடப் பங்கு செலுத்த இயலாத ஏழை 'ஒத்தோர்' பட்டியலிலிருந்து உதிர்ந்துகொண்டே வந்தான். நிலம் சிலர் கையில் குவிந்தது. பிறரைத் தாழ்த்திக் கட்டிய சமத்துவம் தன்னையே தின்று தீர்த்தது.

எண்ணப்படாத பிணங்கள்

தெர்மாப்பிலே கணவாய்க்கு மீண்டும் வருவோம். கி.மு. 480. மன்னன் லியோனிடாசும் 300 பேரும் மாண்ட களம். அவர்களோடு கடைசி வரையில் நின்று மாண்ட தெஸ்பியே ஊரார் 700 பேரை உலகம் பாதி மறந்தது. அந்தக் களத்தில் ஹெலட்டுகளும் செத்துக் கிடந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அவர்களையோ உலகம் முழுதும் மறந்தது. அடுத்த ஆண்டு பிளாட்டியாக் களத்தில் 5000 ஸ்பார்ட்டர். ஒவ்வொருவனுக்கும் 7 ஹெலட் வீதம் 35,000 பேர் என்பதும் அவர் தரும் கணக்கே. ஒரு புகழுக்குப் பின்னே ஏழு நிழல்கள்.

இது கிரேக்கத்துக் கதை, நமக்கென்ன என்று கேட்போர் கொங்கு நாட்டை ஒருமுறை பார்க்கட்டும்.

'பாளையம்' என்ற சொல்லுக்கே படை தங்கும் இடம் என்றுதான் பொருள். மேட்டுப்பாளையம், கோபிச்செட்டிப்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், குமாரபாளையம் என்று நம் ஊர்ப்பெயர்களிலே இன்றும் அந்தச் சொல் ஒலிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி நாட்டைப் பாளையங்களாகப் பகுத்தது. 72 என்பது மரபான எண்ணிக்கை. பாளையக்காரருக்கு நிலமும் காவல் உரிமையும். கைம்மாறாகப் படையும் திறையும். ஸ்பார்ட்டாவைப் போல ஒரே நகரத்தின் ஆட்சியன்று இது. ஆயினும் ஆயுதம் ஏந்துவதே ஆட்சிக்குத் தகுதி, நிலம் அந்தத் தகுதியின் கூலி என்ற அடிப்படை இங்கும் இருந்தது.

அந்த மரபின் அந்திப்பொழுதிலே எழுந்த விடிவெள்ளி தீரன் சின்னமலை. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்த தீர்த்தகிரி. 1799இல் திப்பு வீழ்ந்தபின் கும்பினியார் கோவை மண்டலத்தைக் கைப்பற்ற, ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்து நின்றார். 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அந்த வீரத்தை நாம் குறைக்கவில்லை. குறைக்க எவருக்கும் உரிமையும் இல்லை. அயலான் ஆட்சிக்கு அடிபணிய மறுத்தவர் அவர். ஹெலட் வேட்டை ஆடியவர் அல்லர்.

ஆனால் ஒரு கேள்வி. ஓடாநிலைக் களத்தின் கதையிலே பொல்லான் என்று ஒரு பெயர் உண்டு. அருந்ததியர் குலத்தில் பிறந்தவர். சின்னமலையின் படையில் தலைமை தாங்கியவர். பகைவர் பாசறைச் செய்திகளைச் செருப்பிலே மறைத்து அனுப்பியவர். அதற்காகக் கும்பினியாரால் கொல்லப்பட்டவர் என்று மக்கள் வாய்மொழி போற்றுகிறது. எத்தனை மேடைகளில் அந்தப் பெயர் ஒலித்தது? எத்தனை ஆண்டுகள் அது இருளிலே கிடந்தது? அரசு அவருக்கு விழா எடுக்கவும் நினைவகம் எழுப்பவும் முன்வந்தது அண்மை ஆண்டுகளில்தான். தெர்மாப்பிலேயின் ஹெலட்டுக்கு அந்த நாளும் வரவில்லை; நம் பொல்லானுக்கு 200 ஆண்டுகள் கழித்தாவது வந்தது. மகிழ்வோம். ஆனால் ஏன் 200 ஆண்டுகள் என்று கேட்காமல் மகிழ்வது அறிவன்று.

கவலையும் கிணறும்

கொங்கு நாடு காவிரிக் கழனி நாடன்று. பெரும்பகுதி மேட்டு நிலம். ஆழக் கிணறு வெட்டி, பாறையைப் பிளந்து, அடியிலே கிடக்கும் நீரை மேலே இறைத்தால்தான் பயிர். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து, பின்னர் பம்புசெட்டுகள் பரவும்வரையில், அந்த நீரை இறைத்தது கவலை. ஒரு சோடி மாடு வாரியிலே முன்னும் பின்னும் நடக்க, தோலால் தைத்த பறி கிணற்றுக்குள் இறங்கி நீர் மொண்டு ஏறும். பொழுது புலர்வதற்கு முன்பே கவலைச் சத்தம் கேட்கும்.

நானே சிறுவனாக இருந்தபோது எங்கள் பாட்டனார் தோட்டத்தில் அந்தச் சத்தத்தில் கண்விழித்தவன். அந்தப் பறிக்குத் தோல் பதனிட்டவர், தைத்தவர், கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப் போட்டவர், வடத்தின் மேல் அமர்ந்து மாடு ஓட்டியவர் எல்லாரும் ஒரே குலத்து மக்கள். மாதாரி என்பார்கள், சக்கிலி என்று இழித்துச் சொல்வார்கள். நரைத்த தலையோடு என் முன் நின்ற அந்தப் பெரியவர், பத்து வயதுப் பையனான என்னைச் 'சாமி' என்றார். நான் அவரை 'வாடா' என்றேன். அப்படித்தான் எனக்குக் கற்பித்திருந்தார்கள். எனக்கு அதில் உறுத்தல் ஏதும் இல்லை. இன்று உறுத்துகிறது.

அவர் தைத்த தோலில் நீர் ஏறியது. அந்த நீரில் எங்கள் பயிர் விளைந்தது. அந்த நீரை நாங்கள் குடித்தோம். ஆனால் அவர் அந்தக் கிணற்றில் இறங்கி ஒரு கை நீர் அள்ளக் கூடாது! தாகம் எடுத்தால் தள்ளி நின்று கை ஏந்தவேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். தோல் தீட்டில்லை, தோல் தைத்த கை தீட்டு! இந்தத் தருக்கத்தை எந்தப் பள்ளியில் கற்றார்கள் நம் பெரியவர்கள்?

பண்ணையாள் வாழ்வு ஆண்டுக் கணக்கில் அடகு வைத்த வாழ்வு. திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ வாங்கிய முன்பணம். அதைத் தீர்க்க உழைப்பு. உழைப்புக்கு வள்ளத்தில் அளந்த கம்போ சோளமோ. அது போதாமல் மீண்டும் முன்பணம். தகப்பன் பட்ட கடனுக்கு மகன் மாடு மேய்த்தான். 1843இல் வெள்ளையன் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்றான். கடன் என்று பெயர் மாற்றிக்கொண்டு அது தொடர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது — நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! தேநீர்க் கடையிலே அவர்களுக்குச் சிரட்டையும் தனிக் குவளையும் வைத்திருந்ததை நம் தலைமுறையே கண்ணாரக் கண்டது. காங்கேயம் காளையின் குலப்பெருமை சந்தைதோறும் பேசப்பட்டது. அந்தக் காளையை ஓட்டியவனுக்கு ஒரு பெயர் இருந்ததையே எவரும் கேட்கவில்லை.

ஸ்பார்ட்டாவுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஹெலட்டைக் கொல்ல அங்கே ஆண்டுக்கொரு முறை போர் அறிவிக்கவேண்டியிருந்தது. அவன் தங்களைப் போன்ற மனிதன் என்ற நினைவு அடிமனத்தில் எங்கோ உறுத்தியதால்தான், பழி நீங்க அந்தச் சடங்கு! இங்கே அதுவும் தேவைப்படவில்லை. பிறவியிலேயே அவன் தாழ்ந்தவன், முன்வினைப் பயனை அனுபவிக்கிறான் என்று சாத்திரம் சொல்லிவிட்டது. அங்கே குத்துவாள் செய்த வேலையை இங்கே நம்பிக்கை செய்தது. வாளுக்கு அஞ்சியவன் ஒரு நாள் எழுந்தான், மெசீனியன் எழுந்தான். தன் இழிவைத் தானே நம்பும்படி ஆக்கப்பட்டவன் எழுவதற்கு எத்தனை நூற்றாண்டு தேவைப்படும்! அதனாலேயே இங்கே பகுத்தறிவு பொழுதுபோக்கன்று. அது விலங்கொடிக்கும் உளி.

மறுப்போர்க்கு மறுமொழி

சிலர் சொல்வர்: அடிமைத்தனம் அந்தக் கால வழக்கம், இந்தக் கால அளவுகோலால் அந்தக் காலத்தை அளக்கலாமா?

அளவுகோல் இந்தக் காலத்தது அன்று, தோழர்களே. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் அன்றைய ஹெலட்டுகளே. கி.மு. 464இல் நிலநடுக்கத்தால் ஸ்பார்ட்டா இடிந்து விழுந்தபோது அவர்கள் திரண்டெழுந்து, இத்தோம் மலையில் ஆண்டுக் கணக்கில் நின்று போரிட்டார்களே, அது என்ன? தீர்ப்பல்லவா? அடிமைத்தனம் இயற்கையானது என்று வாதாடிய அரிஸ்டாட்டில்கூட, போருக்கென்றே மக்களைப் பழக்கிய நாடு அமைதிக் காலத்தில் வாழத் தெரியாமல் அழிந்தது என்று ஸ்பார்ட்டாவைக் குறைகூறினார். அடிபட்டவனைக் கேட்டால் எந்தக் காலத்திலும் ஒரே விடைதான் வரும். அடித்தவனை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதால்தான் 'அந்தக் கால வழக்கம்' என்ற சமாதானம் பிறக்கிறது.

வேறு சிலர் சொல்வர்: அங்கே பெண்களுக்கு உரிமை இருந்ததே? உண்மைதான். ஏதென்ஸ் பெண் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, ஸ்பார்ட்டப் பெண் ஓடினாள், மற்போர் பயின்றாள், நிலம் உடைமையாகப் பெற்றாள். ஆனால் அவள் கை தறியிலிருந்து விடுபட்டது எப்படி? துணி நெய்ய அடிமைப் பெண்கள் போதும் என்றார்கள், அதனால்தான். ஒருத்தி ஓடுவதற்கு இன்னொருத்தி உட்கார்ந்தே கிடந்தாள். பாதிப் பெண்களின் விடுதலையைப் பெண் விடுதலை என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

இன்னும் சிலர், நம்மவர்களே, தயங்கித் தயங்கிக் கேட்பர்: நம் புறநானூற்றிலும் மகனைப் போருக்கு அனுப்பிய வீரத்தாய் இருக்கிறாளே, அவளையும் ஐயுறுவதா?

ஐயுற வேண்டாம், முழுதாகப் படிப்போம் என்கிறேன். வீரத்தாயைப் பாடிய அதே புறநானூற்றில் 'இழிசினன்' என்ற சொல்லும் இருக்கிறது. யாரைச் சுட்டுகிறது? போர்ப்பறை முழக்கியவனை; கட்டிலுக்குத் தோல் வார் பின்னியவனை. அவன் கோல் விழாமல் படை புறப்படாது. படை புறப்பட்டதும் அவன் இழிந்தவன்! பழந்தமிழ் என்பதாலேயே அந்தச் சொல்லைப் பட்டாடையில் பொதிந்து வைக்கமுடியுமா? வடவர் நூலில் இருந்தால் இழிவு, நம் நூலில் இருந்தால் பண்பாடு என்று பேசுபவன் பகுத்தறிவாளன் அல்லன். இடம் மாறிய பக்தன். நம் முன்னோரை நேசிக்கிறோம்; அதனாலேயே அவர்களைக் கேள்வி கேட்கிறோம்.

ஒன்றை மறவாதீர். ஸ்பார்ட்டாவை வானளாவப் புகழ்ந்தவர்களில் ஹிட்லரும் ஒருவன். வலுவற்ற குழந்தையை ஒழித்ததையும், சிறு கூட்டம் பெருந்திரளை அடக்கி ஆண்டதையும் முன்மாதிரி என்று மெச்சினான். எவன் எதைப் புகழ்கிறான் என்பதிலிருந்து புகழப்படும் பொருளையும் ஓரளவு அளக்கலாம்.

எது வீரம்?

அப்படியானால் வீரமே வேண்டாமா? வேண்டும், மிக வேண்டும். எந்த வீரம் என்பதே கேள்வி.

நம் ஈரோட்டிலிருந்தே ஒரு சான்று. 1924. மலையாள நாட்டு வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்று தடை. ஈரோட்டு வணிகர் ஒருவர், செல்வக் குடியில் பிறந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர், அங்கே போனார். அந்தத் தெருவில் அவர் நடக்க எந்தத் தடையும் இல்லை! நடக்க இயலாதவருக்காகச் சிறை சென்றார். வெளிவந்து மீண்டும் சென்றார். நாகம்மையாரும் பெண்களைத் திரட்டிக் களம் புகுந்தார். 1925 இறுதிக்குள் அந்தத் தெருக்களில் பெரும்பகுதி எல்லோருக்கும் திறந்தது. பெரியாரின் கையில் வேல் இல்லை, கேடயம் இல்லை. அவருக்குச் சோறு சுமக்க ஹெலட் எவனும் பின்தொடரவும் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெர்மாப்பிலேயில் 300 பேர் காத்தது தங்கள் உரிமையை — பிறரை அடிமையாக வைத்திருக்கும் உரிமையும் அதில் அடக்கம். வைக்கத்தில் காக்கப்பட்டது, தனக்கு ஏற்கெனவே இருந்து மற்றவனுக்கு இல்லாத உரிமை. முன்னது வலிமை, வலிமையை நாம் வியக்கலாம். பின்னதே அறம், அதைத்தான் வீரம் என்று வணங்கலாம். தன்னைவிட வலியவனை எதிர்ப்பது வீரத்தின் முதற்படி. தனக்குக் கீழே நிறுத்தப்பட்டவன் நிமிரும்போது அஞ்சாமல் நகர்ந்து இடம் கொடுப்பது அதன் முடிந்த படி. முதற்படியில் ஸ்பார்ட்டன் ஏறினான். இரண்டாவது படியில் அவன் கால் நடுங்கியது.

ஸ்பார்ட்டா பாழ்பட்டால், அதன் இடிபாட்டைப் பார்ப்போர் அது பேரரசாக இருந்ததென்று நம்பமாட்டார்கள் என்று துசிடிடீஸ் அன்றே கணித்தார். அப்படியே ஆயிற்று. கேள்வி கேட்கப் பழக்காத நாடு நூல்களையும் அதிகம் விட்டுச்செல்லவில்லை, சிலைகளையும் அதிகம் விட்டுச்செல்லவில்லை. வியப்பை மட்டும் விட்டுச்சென்றது. வியப்பு வயிறு நிரப்பாது.

இதையெல்லாம் கேட்ட அந்த இளைஞர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்கள் ஊரிலும் ஒரு பழைய கவலைக் கிணறு இருக்கிறது ஐயா. தூர்ந்துவிட்டது. அதில் கவலை ஓட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது" என்றார்.

"தெரிந்துகொள் தம்பி. அவர்கள் பேரப்பிள்ளைகள் ஊரின் மறுகோடியில் இருப்பார்கள். போய்க் கேள். பெயர்களை எழுதிக்கொள். அடுத்த ஆடிப் பதினெட்டில் சின்னமலையின் பெயரைச் சொன்னபின் அவற்றையும் மேடையில் படி" என்றேன்.

"ஊரார் ஒப்பமாட்டார்களே, ஐயா!"

"அதனால்தான் அதற்கு வீரம் வேண்டும், தம்பி" என்றேன்.